23 அடிப் படகின் அமரத்தில் தானியங்கிச் சுக்கானும் அவுட்போர்டு மோட்டாரும்: இடத்தை எப்படிப் பிரிப்பது?

சிற்றலை:

வணக்கம். 23 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஒற்றைப் பாய்மரம், ஒரு பெரும்பாய், ஒரு முன்பாய். நீர்க்கோட்டு நீளம் 6.1 மீட்டர். சாமான்களோடு எடை இரண்டு டன்னைச் சற்றுத் தாண்டும். சுக்கான் படகின் பின்முனையில், அமரத்துப் பலகையின் நடுவில், வெளிப்புறமாகத் தொங்குகிறது. உள்ளே இருந்த பழைய டீசல் எந்திரம் பழுதாகிவிட்டதால் கழற்றி இறக்கிவிட்டேன்.

பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன். சென்ற பருவத்தில் ஒரு நாள் பதினான்கு மணி நேரம் சுக்கானை விட்டு எழ முடியவில்லை. கைப்பிடியை விட்டால் இருபது விநாடிக்குள் படகு காற்றை நோக்கித் திரும்பிவிடும், பாய் படபடக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் குடிப்பதும் வரைபடம் பார்ப்பதும் பாயைச் சுருக்குவதும் அந்த இருபது விநாடிக்குள் நடந்தாக வேண்டும். கடைசி இரண்டு மணி நேரம் காற்று முற்றிலும் விழுந்துவிட்டது. துறைமுக விளக்குகள் எதிரே தெரிகின்றன, நீரோட்டமோ என்னைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகிறது. கையில் இருந்தது ஒரு துடுப்பு. அன்றே முடிவு செய்தேன், அடுத்த பருவத்துக்குள் படகைத் தானாகவே ஓட்டும் கருவி ஒன்றும் காற்றில்லாதபோது நகர்த்த ஒரு மோட்டாரும் வேண்டும் என்று.

தானியங்கிச் சுக்கான் கிடைத்துவிட்டது. காற்றில் சாயும் தகடும் நீரில் ஊசல்போல ஆடும் துடுப்பும் கொண்ட வகை. ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது. தாங்கும் குழாய்களோடு எடை 21 கிலோ. மோட்டார் இன்னும் வாங்கவில்லை. 6 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை மனத்தில் வைத்திருக்கிறேன். அது ஏறத்தாழ 27 கிலோ.

சிக்கல் இடத்தில்தான். அமரத்துப் பலகையின் மேல்விளிம்பு 150 செ.மீ. அகலம், நீரிலிருந்து 72 செ.மீ. உயரம். நடுவே சுக்கான். தானியங்கிக் கருவியின் நான்கு கால்களும் நடுவிலிருந்து இருபுறமும் 30 செ.மீ. வரை விரிந்து நிற்க வேண்டும். மோட்டார் பிராக்கெட்டை நடுவிலிருந்து 48 செ.மீ. தள்ளி வைத்தால் ஒரு கைம்முழம்கூட மிச்சம் இல்லை. மோட்டாரை நடுவுக்குப் பக்கமாகக் கொண்டுவந்து, தானியங்கிக் கருவியைச் சற்று ஓரமாக நகர்த்தலாமா? மோட்டாரின் தண்டு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? இவ்வளவு பாரத்தை இந்தப் பழைய பலகை தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அமரத்துக்காரர்:

தம்பி, அளவுகளோடு கேட்டது மிகவும் நல்லது. நான் இந்த இரண்டையும் ஒரே அமரத்தில் மூன்று படகுகளில் மாட்டியிருக்கிறேன். முதல் படகில் நீங்கள் நினைப்பதுபோலத்தான் மோட்டாரை நடுவுக்கு இழுத்து, துடுப்பை ஓரம் தள்ளினேன். ஒரு பருவத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் கழற்றி ஓட்டைகளை அடைத்தேன்.

காரணம் எளிய கணக்கு. படகு 20 பாகை சாயும்போது நடுவிலிருந்து 48 செ.மீ. தள்ளியிருக்கும் எதுவும் 16 செ.மீ. கீழே இறங்கும். மறுபக்கம் சாய்ந்தால் அதே 16 செ.மீ. மேலே ஏறும். ஓரத்தில் இருக்கும் துடுப்பு ஒரு பக்கச் சாய்வில் ஆழமாகப் போய் அதிக விசையோடு இழுக்கும், மறுபக்கச் சாய்வில் பாதி வெளியே வந்து சோர்ந்துபோகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டாத கருவியை நம்பி நீங்கள் கண்ணயர முடியாது. துணைச் சுக்கானோடு தனியாக இயங்கும் வகைக் கருவிகளைச் சற்று ஓரமாக வைக்கலாம். உங்களுடையது ஊசல் வகை, அதற்கு நடுவிடம்தான். மோட்டார் ஓரமாகப் போகட்டும். பாய் இறங்கி, படகு நிமிர்ந்து நிற்கும் நேரத்தில்தானே அதற்குப் பெரும்பாலும் வேலை.

ஆனால் இதில் ஒன்றை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பாயும் மோட்டாரும் சேர்ந்து இயங்கும்போது மோட்டார் இருக்கும் பக்கம் மேலேறும்படி படகு சாய்ந்தால் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சிக்கொண்டு வெறுமனே சுழலும். சத்தம் கூடும், படகு நகராது. அப்படி ஓட்டியே ஆக வேண்டுமென்றால் மோட்டார் கீழே இறங்கும் பக்கமாகச் சாயும்படி திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

துளை போடும் கருவியைத் தொடுவதற்கு முன் இரண்டு காரியங்கள். தானியங்கிக் கருவியின் கால்கள், துடுப்பு, மோட்டாரின் தலை, தூக்கிய நிலையில் அதன் கால் எல்லாவற்றுக்கும் கெட்டி அட்டையில் முழு அளவு மாதிரி வெட்டிப் பலகையில் ஒட்டிப் பாருங்கள். பிறகு சுக்கானை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். மோட்டாரைத் தூக்கும்போது அதன் தலை படகுக்குள்ளே சாயும், கால் வெளியே உயரும். மோட்டார் சற்றே திரும்பிய நிலையில் தூக்கினால் அந்தக் கால் நேராகக் கருவியின் குழாயில் போய் இடிக்கும். என்னுடையது இடித்தது. அதன் பிறகு மோட்டாரை நேர்நிலையில் பூட்டிவிட்டுத்தான் தூக்குவது என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, படகு மிதக்கும்போது அமரத்தில் 50 லிட்டர் தண்ணீரைக் கேன்களில் தொங்கவிடுங்கள். அது 50 கிலோ. மோட்டாரும் கருவியும் சேர்ந்து ஏறக்குறைய அவ்வளவுதான். நீங்களும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், வேறொருவர் படகுத்துறையிலிருந்து நீர்மட்டத்தைக் குறிக்கட்டும். உங்கள் அளவுப் படகு ஒன்றில் செய்தபோது அமரம் 4 செ.மீ. இறங்கியது. தளத்து நீர் வடியும் ஓட்டைகள் வெளியே எந்த உயரத்தில் இருக்கின்றன என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். சில படகுகளில் அவை நீருக்குள் போய், தளத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கிவிடும். பாரத்தைச் சரிக்கட்ட நான் பேட்டரியையும் உதிரி நங்கூரச் சங்கிலியையும் பாய்மரத்துக்கு முன்னால் நகர்த்தினேன். இரண்டு சென்டிமீட்டர் திரும்பக் கிடைத்தது.

தண்டு நீளத்துக்கு வருவோம். மோட்டார்கள் பொதுவாக மூன்று நீளங்களில் வருகின்றன: 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம். அதாவது 381, 508, 635 மி.மீ. பிராக்கெட்டின் மேல்விளிம்பிலிருந்து, புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு வரை உள்ள தூரம் அது. உங்கள் அமரம் 4 செ.மீ. இறங்கினால் மேல்விளிம்பு நீரிலிருந்து 68 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்தத் தகடு குறைந்தது 15 செ.மீ. நீருக்குள் இருக்க வேண்டும், 20 இருந்தால் இன்னும் நல்லது. 20 செ.மீ. ஆழத்துக்குக் கணக்கிட்டால், 508 மி.மீ. தண்டுக்குப் பிராக்கெட்டின் விளிம்பு நீரிலிருந்து 31 செ.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும், கை எட்டாது. 635 மி.மீ. என்றால் 43 செ.மீ. போதும். 25 அங்குலத்தையே வாங்குங்கள்.

ஆழத்தை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. துறைமுக வாயிலில் நங்கூரம் போட முன்னால் நடந்து போனேன். என் எடை அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, போனதும் அமரம் உயர்ந்து புரொப்பல்லர் வெளியே வந்துவிட்டது. எதிர்க்காற்றில் படகு பின்னோக்கிச் சரிகிறது, மோட்டார் வெறுமனே அலறுகிறது. தனியாக ஓட்டுகிறவருக்கு இது கட்டாயம் ஒரு நாள் நடக்கும்.

குதிரைத்திறன் 6 போதும். 6.1 மீட்டர் நீர்க்கோட்டுக்கு உங்கள் படகின் உச்ச வேகம் ஏறத்தாழ 6 நாட், அதாவது மணிக்கு 11 கி.மீ. அதற்கு மேல் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அமரம்தான் அமுங்கும். மோட்டாரின் திறனைவிட அதில் என்ன புரொப்பல்லர் மாட்டுகிறீர்கள் என்பது முக்கியம். லேசான மீன்பிடிப் படகுகளுக்கான புரொப்பல்லர் வேகத்துக்காகச் செய்தது. இரண்டு டன் படகைத் தள்ள விட்டம் அதிகமாகவும் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைவாகவும் உள்ளது வேண்டும்.

பலகை தாங்குமா என்ற கேள்விக்கு நேரில் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன். ஃபைபர்கிளாஸ் இரண்டு பக்கமும் இருக்க, நடுவே பிளைவுட் வைத்துச் செய்த பலகைகள் உண்டு. என் இரண்டாவது படகில் பழைய பிராக்கெட்டைக் கழற்றியபோது வெளியே வெள்ளையாக, கெட்டியாக, குறையே இல்லாமல் இருந்தது. உள்ளிருந்து ஒரு சிறு துளை போட்டேன். துளையின் கீழ்விளிம்பில் தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு நின்றது. பிறகு ஒழுகத் தொடங்கி மறுநாள் காலை வரை நிற்கவில்லை. துளைக்குள் விரலை விட்டால் பிளைவுட் நார்நாராக விரலோடு வந்தது, அழுகிய இலைவாடை. பழைய போல்ட்டு ஓட்டைகளைச் சுற்றி யாரும் அடைக்காமல் விட்டதால் ஆண்டுக்கணக்கில் நீர் இறங்கியிருக்கிறது. உள்பக்கத் தோலை வெட்டி எடுத்து, அழுகியதைச் சுரண்டி, புதுப் பலகை வைத்து மூட ஆறு வாரம் ஆனது. அந்தப் பிராக்கெட்டிலேயே புது மோட்டாரை மாட்டியிருந்தால் ஒரு நாள் மோட்டாரோடு பலகையும் போயிருக்கும்.

ஆகவே முதலில் சுத்தியலின் கைப்பிடியால் பலகை முழுவதும் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடம் மொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் உள்பக்கமிருந்து துளை போட்டுப் பாருங்கள். உலர்ந்த தூள் வந்தால் நிம்மதி. போல்ட்டு போகும் ஒவ்வோர் ஓட்டையையும் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளையுங்கள். பிற்காலத்தில் சீலன்ட் விட்டுக்கொடுத்தாலும் நீர் பிளைவுட்டைத் தொடாது. இந்த ஒரு வேலையை மட்டும் யார் சொன்னாலும் சுருக்காதீர்கள். உள்பக்கம் 6 மி.மீ. அலுமினியத் தகடோ 10 மி.மீ. ஃபைபர்கிளாஸ் தகடோ, பிராக்கெட்டின் அடியைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் பெரிதாக, மூலைகளை உருட்டி வையுங்கள். மோட்டார் தள்ளும்போது மேல் போல்ட்டுகள் பிடுங்கப்படுகின்றன, கீழ்ப்பக்கம் பலகையை அமுக்குகிறது. அந்த விசை பரவ வேண்டும். 316 தரத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டு போடுங்கள். எஃகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் பசையை மறக்காதீர்கள். மறந்தால் மூன்றாம் ஆண்டில் போல்ட்டைக் கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கயிறு விஷயம் தனிக்கதை. மாட்டும் கட்டத்துக்கு வந்ததும் கேளுங்கள்.

பழைய பாய்:

அமரத்துக்காரர் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்டவருக்குச் சுக்கான் வெளியே தொங்குகிறது என்பதை யாரும் கவனிக்கவில்லையே. அதற்கு ஊசல் கருவியே தேவையில்லை. சுக்கானின் பின்விளிம்பில் கீல் வைத்து ஒரு சிறு மடல் மாட்டினால் போதும். காற்றுத் தகடு மடலை ஒரு பக்கம் திருப்பினால், ஓடும் நீர் சுக்கான் முழுவதையும் எதிர்ப்பக்கம் தள்ளும். கைப்பிடிக்குக் கயிறே வேண்டாம், கப்பியும் வேண்டாம். மொத்தம் ஏழு கிலோகூட வராது. கால்கள் விரிந்து நிற்காததால் மோட்டாருக்கும் தாராளமாக இடம் கிடைக்கும்.

நானே செய்தேன். மடலின் அகலம் சுக்கானின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. தகடு 4 மி.மீ. பிளைவுட், எதிர்ப்பாரம் ஒரு ஈயக்கட்டி. ஒன்பது பருவங்களாக ஓட்டுகிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பின்னோக்கிப் போகும்போது நீர் எதிர்ப்பக்கமிருந்து வரும், மடல் ஒரு பக்கம் மடிந்து சுக்கானை வெடுக்கென்று இழுத்துவிடும். மோட்டாரில் ரிவர்ஸ் போடுவதற்கு முன் மடலை நடுவில் பூட்ட ஓர் ஊசி வேண்டும். கருவி வாங்கியாகிவிட்டது என்கிறார். விற்றுவிட்டு இதைச் செய்தாலும் நட்டமில்லை என்பது என் கருத்து.

அமரத்துக்காரர்:

பழைய பாய் ஐயா சொல்வது நியாயம்தான், மடல் நல்ல வழி. உங்கள் சுக்கானைக் கழற்றி அதில் கீல் பதிக்கும் அளவுக்குக் கைவேலை தெரிந்தால் அதையே செய்யுங்கள். வேகம் குறைந்து, அலை மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில் ஊசல் துடுப்புக்கு விசை அதிகம் என்பது என் அனுபவம், அதனால் நான் மாறவில்லை.

மூன்றாம் கப்பி:

இரண்டையும் மாட்டிய பிறகு வரும் சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. மோட்டாரில் போகும்போது காற்றால் இயங்கும் கருவி உதவாது. காற்றே இல்லாத கடலில் 5 நாட் வேகத்தில் போனால் தகட்டுக்கு எப்போதும் முன்னாலிருந்து 5 நாட் காற்றுதான் தெரியும். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் காற்றும் கூடவே திரும்பும். அதனிடம் திசையைக் கேட்டுப் பயனில்லை.

அதற்கு மின்சாரத்தில் இயங்கும் சிறு கைப்பிடித் தள்ளி ஒன்று வேண்டும். 12 வோல்ட், உள்ளே காந்தத் திசைகாட்டி. மோட்டார் ஓடும்போது அதை நேராகச் சுக்கான் கைப்பிடியில் மாட்டலாம். இன்னொரு வழியும் உண்டு. பாயில் பின்காற்று லேசாக இருக்கும்போது அதே தள்ளியைத் தானியங்கிக் கருவியில் காற்றுத் தகடு இருந்த இடத்தில் இணைத்துவிடலாம். தகட்டின் வேலையை மட்டும் அது செய்யும், இழுக்கும் வேலையைத் துடுப்பு செய்துகொள்ளும். மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகும், மிகச் சிறிய தள்ளியே போதும். ஆனால் பெட்ரோல் கேனையும் கருவிப்பெட்டியையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். இரும்பு அருகில் இருந்தால் திசைகாட்டி பொய் சொல்லும். என்னுடையது 15 பாகை விலகி ஓட்டியதற்குக் காரணம் இருக்கைக்கு அடியில் இருந்த ஸ்பேனர் பெட்டி.

மோட்டாரை ஓட்டும்போது ஊசல் துடுப்பைத் தூக்கிவிடுங்கள். புரொப்பல்லர் தள்ளும் நீர் அதன் மேல் பட்டுத் துடுப்பு தாறுமாறாக ஆடும். ரிவர்ஸில் அது கீழே இருந்தால் உடையவே கூடும்.

பெட்ரோல் தொட்டியைக் கேபினுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தட்டில் போய்த் தங்கும். அடிப்பகுதியிலிருந்து படகுக்கு வெளியே காற்றோட்டமுள்ள பெட்டியில்தான் தொட்டி இருக்க வேண்டும்.

சிற்றலை:

அனைவருக்கும் நன்றி. அட்டை மாதிரி வெட்டி ஒட்டினேன். அமரத்துக்காரர் ஐயா சொன்னபடியே கருவியின் இடப்பக்கக் காலில் மோட்டார் மோதுகிறது. பிராக்கெட்டை 54 செ.மீ.க்குத் தள்ளிய பிறகுதான் விலகியது. தண்ணீர்க் கேன் சோதனையில் அமரம் நாலரை சென்டிமீட்டர் இறங்கியது. பலகையில் மூன்று துளை போட்டேன். மூன்றிலும் உலர்ந்த மஞ்சள் தூள் வந்தது. அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியவில்லை.

மடல் யோசனையை இரண்டு நாள் யோசித்தேன். சுக்கானைத் தொட மனம் வரவில்லை, ஊசல் கருவியையே மாட்டுகிறேன். மோட்டார் 25 அங்குலத் தண்டு, சொல்லிவைத்தாகிவிட்டது. ஐயா, கயிறு பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்கள். இன்னொரு கேள்வி: கைப்பிடியை விட்டால் இருபது விநாடியில் காற்றை நோக்கித் திரும்பும் இந்தப் படகைக் கருவி அடக்கிவிடுமா?

அமரத்துக்காரர்:

அடக்காது, தம்பி. கேட்டது நல்லதாயிற்று. உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததிலேயே முக்கியமானது இதுதான்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். காற்றுத் தகடு சாய்ந்து துடுப்பைச் சற்றே திருப்புகிறது. ஓடும் நீர் திரும்பிய துடுப்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத்தான் கயிறுகள் கைப்பிடிக்குக் கொண்டுபோகின்றன. அந்த விசை வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும். 4 நாட்டில் கிடைப்பதில் கால் பங்குதான் 2 நாட்டில் கிடைக்கும். தகட்டுக்கும் இதே கணக்குத்தான். 8 நாட் காற்றில் பின்காற்றாக 4 நாட் வேகத்தில் போனால் தகட்டுக்குத் தெரிவது வெறும் 4 நாட். விசை நான்கில் ஒன்று. இருப்பதே கொஞ்சம் என்னும்போது, படகு எந்நேரமும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் எல்லா விசையும் அதைப் பிடித்து நிறுத்தவே செலவாகிவிடும். திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

1895 முதல் 1898 வரை தனியாக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகமிடம் இப்படி எந்தக் கருவியும் இல்லை. சுக்கானைக் கட்டிவைத்துவிட்டு, இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவுகளை நோக்கி 2,700 மைல் தூரத்தை 23 நாளில் கடந்தார். அதில் மூன்று மணி நேரம் அளவுக்குத்தான் தானே சுக்கான் பிடித்ததாக எழுதியிருக்கிறார். நீண்ட அடிக்கட்டையுள்ள படகு, சமன்செய்த பாய்கள். அவ்வளவுதான். பிறகு 1960இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் போட்டியில் பிரிட்டனைச் சேர்ந்த ஹாஸ்லர் தம் 25 அடிப் படகில் காற்றுத் தகடு வைத்து 48 நாளில் இரண்டாவதாக வந்தார். நம் கருவிகள் அந்த வழியில் வந்தவைதான். கருவி வந்த பிறகும் ஸ்லோகம் செய்ததை நாம் செய்தாக வேண்டும்.

எனவே கருவியைத் தொடாமல் முதலில் பாயைச் சரிசெய்யுங்கள். நீங்கள் பெரும்பாயைத் தாமதமாகச் சுருக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். தனியாக ஓட்டுகிறவர்கள் பலரும் அப்படித்தான், எழுந்து போக முடியாததால். பெரும்பாயை ஒரு படி சுருக்கி, அதன் தாமான் கயிற்றை (பாயின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் கயிறு) கொஞ்சம் தளர்த்துங்கள். முன்பாய் முழுதாக இருக்கட்டும். கைப்பிடியை இரண்டு விரலால் பிடிக்க முடிகிற நிலை வரும். பிறகு விரலை எடுங்கள். இருபது விநாடி ஒரு நிமிடமானால் கருவி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கயிற்றுக்கு நீளாத வகை, டைனீமா என்ற வலுவான செயற்கை இழை உட்கருவாக உள்ள 6 மி.மீ. போதும். பக்கத்துக்கு இரண்டு கப்பிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கப்பியும் உராய்வுதான். கயிறு கொஞ்சமும் தொய்யக் கூடாது, அதே நேரம் வீணைத் தந்திபோல இறுகவும் கூடாது. கைப்பிடியில் சேரும் இடத்தில் ஒரு சாண் சங்கிலி வைத்து ஒரு கொக்கியில் மாட்டுங்கள். ஒரு கண்ணி இப்படி, ஒரு கண்ணி அப்படி என்று மாற்றிச் சுக்கானின் நடுநிலையைத் திருத்தலாம், ஆபத்தில் ஒரே தட்டில் கழற்றிவிடலாம். சேரும் புள்ளியைச் சுக்கானுக்கு அருகில் கொண்டுவந்தால் திருப்பம் அதிகம், விசை குறைவு. தள்ளிக்கொண்டு போனால் நேர்மாறு. முதல் பருவத்தில் அந்தப் புள்ளியை நகர்த்தும்படி வைத்திருங்கள்.

உராய்வைச் சோதிக்க எனக்குத் தெரிந்த வழி: காற்றில்லாத நேரத்தில் தகட்டை நிமிர்த்திவிட்டு வாயால் ஊதுவேன். ஊதியதும் அது சாய வேண்டும், விட்டதும் மெல்ல நிமிர வேண்டும். நிமிராவிட்டால் எதிர்ப்பாரம் போதாது. வெடுக்கென்று நிமிர்ந்தால் எதிர்ப்பாரம் அதிகம். தாங்கிகள் பிளாஸ்டிக்காக இருந்தால் கிரீஸ் போடாதீர்கள், உப்பும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும். நன்னீர் ஊற்றிக் கழுவினால் போதும். மோட்டாரையும் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நன்னீரில் ஓட்டுங்கள். நீண்ட நாள் நிறுத்தினால் கார்புரேட்டரில் பெட்ரோலைத் தங்கவிடாதீர்கள்.

கடைசியாக, இதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். கைப்பிடியை விட்டால் இருபது விநாடியில் காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடும் படகு, நீங்கள் கடலில் விழுந்தால் உங்களுக்காகக் கொஞ்சம் காத்திருக்கும். கருவி மாட்டிய படகு காத்திருக்காது. 5 நாட் வேகம் என்பது விநாடிக்கு இரண்டரை மீட்டருக்கு மேல். அமரத்திலிருந்து 30 மீட்டர் மிதக்கும் கயிறு விட்டிருந்தாலும் அது முழுவதும் உங்களைத் தாண்டிப் போகப் பன்னிரண்டு விநாடிகூட ஆகாது. அந்தக் கயிற்றை, இழுத்தால் சங்கிலி கொக்கியிலிருந்து கழன்றுவிடும்படி கட்டுங்கள். ஆனால் அதை நம்பி இடுப்புக் கயிறு இல்லாமல் தளத்தில் நடக்காதீர்கள். மோட்டார் ஓடும்போது அதன் நிறுத்தக் கயிறு உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும்.

சிற்றலை:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். எல்லாம் மாட்டியாயிற்று. ஓட்டைகளை எப்பாக்சியால் நிரப்பி மறுபடி துளைக்க நான்கு நாள் பிடித்தது. போல்ட்டுகளைப் பாதி இறுக்கி, சீலன்ட் இறுகிய பிறகு கால் சுற்று முறுக்கினேன். பலமான மழைக்குப் பிறகு உள்பக்கத் தகட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை.

நேற்று முன்தினம் முதல் ஓட்டம். 12 நாட் காற்று, பக்கக் காற்று. ஐயா சொன்னபடி பெரும்பாயை ஒரு படி சுருக்கினேன். கைப்பிடியை விட்டுப் பார்த்தேன். ஐம்பது விநாடி நேராகப் போனது. இத்தனை நாளும் தவறு பாயில் இருந்திருக்கிறது. அதன் பிறகு தகட்டைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டினேன். கைப்பிடி சற்றே நடுங்கி நின்றது. ஓர் அலை அமரத்தைத் தூக்கியது, தகடு இடப்பக்கம் சாய்ந்தது, கயிறு இறுகியது, கைப்பிடி யாரும் தொடாமலே இரண்டு விரற்கடை நகர்ந்து திரும்பி வந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து, இடுப்புக் கயிற்றோடு, அணியம் வரை நடந்து போனேன். படகு ஓடும்போது அணியத்திலிருந்து திரும்பி என் பாய் முழுவதையும் பார்த்தது அதுவே முதல் முறை.

மூன்று மணி நேரத்தில் இரண்டு முறைதான் சங்கிலியில் கண்ணி மாற்றினேன். காற்று விழுந்ததும் துடுப்பைத் தூக்கிவிட்டு மோட்டாரில் திரும்பினேன். அரை வேகத்தில் 4.5 நாட் கிடைக்கிறது. அணியத்துக்குப் போய் நின்றும் பார்த்தேன். புரொப்பல்லர் வெளியே வரவில்லை.

ஒரு குறை இருக்கிறது. இடப்பக்கக் கயிறு மோட்டாரின் தலைக்கு அடியில் போகும்போது பிராக்கெட்டின் நெம்புகோலில் உரசுகிறது. கயிற்றின் மேலுறை இரண்டு அங்குல நீளத்துக்குப் பஞ்சுபோலப் பிரிந்துவிட்டது. கப்பியை 3 செ.மீ. உள்ளே தள்ளினால் உரசல் நிற்கும், ஆனால் அங்கே புது ஓட்டை போட வேண்டும். வேறு வழி இருக்கிறதா?

அமரத்துக்காரர்:

புது ஓட்டை வேண்டாம். கப்பிக்கும் தளத்துக்கும் இடையே சாய்வாகச் சீவிய ஒரு மரத்துண்டு வையுங்கள். கப்பி உள்பக்கம் சாய்ந்து கயிறு விலகிவிடும். அதே போல்ட்டு, நீளம் மட்டும் கூடுதலாக வாங்குங்கள். பிரிந்த கயிற்றை இன்றே மாற்றிவிடுங்கள், அடுத்த ஓட்டம் வரை வைத்திருக்க வேண்டாம்.